ஸ்ப்ரூஸ் என்று வாங்கினேன், அரக்கேரியா வளர்க்கிறேன்: மாடித் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் மரம்

நான்கு வருடம் முன்பு, டிசம்பர் முதல் வாரம், சென்னை மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் "சார், இது ஒரிஜினல் ஸ்ப்ரூஸ்" என்று சொல்லி இரண்டடிச் செடி ஒன்றை என் தலையில் கட்டினார்கள். தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்து, ஸ்ப்ரூஸ் (குளிர்ப் பிரதேசத்து ஊசியிலை மரம்) வளர்ப்பு பற்றிக் கிடைத்ததையெல்லாம் இணையத்தில் படித்து, குளிர் வேண்டும் என்று போட்டிருந்ததால் ஏசி அறையில் வைத்து, போதாததற்குத் தினமும் தொட்டியில் ஐஸ் கட்டி வேறு போட்டேன். சிரிக்காதீர்கள். பிப்ரவரிக்குள் கீழே இரண்டு அடுக்கு பழுப்பாகி விழுந்துவிட்டது. அது ஸ்ப்ரூஸே இல்லை.

அதனால் முதல் வேலை, கையில் இருப்பது என்ன என்று பார்ப்பது. ஓர் ஊசியைப் பிடுங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். ஸ்ப்ரூஸ் ஊசிக்குப் பெரும்பாலும் நான்கு பக்கம், தீக்குச்சி மாதிரி உருளும். ஃபர் என்ற இன்னோர் ஊசியிலை மரத்தின் ஊசி தட்டை, உருளாது. பைன் என்றால் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாகத்தான் வரும். அப்புறம் காய்ந்த குச்சியைத் தடவிப் பாருங்கள். ஸ்ப்ரூஸில் ஊசி உதிர்ந்த இடமெல்லாம் சின்ன முளை மிஞ்சி நிற்கும், அரத்தைத் தடவுவது போலிருக்கும். மணாலிக்குப் போனபோது அங்கே 'ராய்' என்று சொல்லும் இமயமலை ஸ்ப்ரூஸைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த வித்தியாசம் உறைத்தது. நிஜமான குளிர்காலம் இல்லாமல் அந்த மரம் தேறாது, நம் ஊரில் ஆசைப்படாதீர்கள்.

இங்கே ஸ்ப்ரூஸ் என்று விற்பது அநேகமாக அரக்கேரியா என்ற வேறொரு ஊசியிலை மரம். குடைக் கம்பிகள் போலக் கிளைகள் ஒரே மட்டத்தில் சுற்றி விரியும், கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த அடுக்கு. தரையில் விழுவதைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: ஸ்ப்ரூஸ் ஊசி ஊசியாக உதிர்க்கும், அரக்கேரியா காய்ந்த சிறு கிளையையே முழுதாகப் போடும். எண்ணூர்ப் பக்கம் வெட்டி வந்து கிறிஸ்துமஸுக்கு வீட்டில் நட்டு வைக்கும் சவுக்குக் கிளை இந்தக் கூட்டத்திலேயே சேராது. அதில் ஊசி என்று நாம் நினைப்பது கணுக்கணுவான பச்சைக் குச்சி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும்.

(அரக்கேரியாவிலும் இரண்டு வகை இங்கே குழம்பிக் கிடக்கிறது, நார்ஃபோக் தீவு மரம் ஒன்று, பெயரில் மட்டும் பைனான குக் பைன் இன்னொன்று. சின்னச் செடியில் பிரிப்பது கஷ்டம். வளர்ந்த குக் பைன் எந்த நாட்டில் இருந்தாலும் பூமத்திய ரேகைப் பக்கமே சாயும் என்று 256 மரங்களை அளந்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. நம் ஊரில் தெற்கே சாய்ந்த ஒன்றைப் பார்த்தால் புயலைத் திட்ட வேண்டாம்.)

தொட்டி சிமெண்டோ மண்ணோ இருக்கட்டும். குரோ பேக் எனக்குப் பிடிக்காது, கடல் காற்று பலமாக அடித்தால் செடியோடு உருண்டுவிடும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் சலித்துத் தூளை நீக்குங்கள், இல்லாவிட்டால் அதுவே தொட்டிக்குள் இறுகிக்கொள்ளும். நல்ல வெளிச்சமும் காலை வெயிலும் வேண்டும், ஏப்ரல், மே உச்சி வெயிலுக்கு நிழல் வலை. வீட்டுக்குள் இருந்த செடியை ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் கருகும், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புங்கள்.

நான் வழுக்கி விழுந்தது தண்ணீரில். ஏசியிலிருந்து மீட்டு மாடிக்குக் கொண்டுவந்த பிறகும் செடி வாடியது, வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால் அடி ஓட்டை மண்ணால் அடைத்து, வேரெல்லாம் சாக்கடை நாற்றம். இப்போது ஓட்டை மேல் உடைந்த ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்து, தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிட்டேன். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான். ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கினேன், விரலே மேல். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். அப்படிப் படிந்தால் மழைத் தண்ணீரையோ மெட்ரோ (குடிநீர் வாரியத்) தண்ணீரையோ அடியில் ஓடும்வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

நுனியை வெட்டவே வெட்டாதீர்கள், அடர்த்தியாக வரும் என்று யார் சொன்னாலும் சரி. உச்சி போனால் அந்த அழகான உருவம் போய்விடும். விழுந்த கீழ்க் கிளையும் அதே இடத்தில் திரும்ப வராது, என் செடி இன்றும் லுங்கியை மடித்துக் கட்டின ஆள் மாதிரிதான் நிற்கிறது. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். டிசம்பரில் சீரியல் பல்பு கட்டலாம், பனி மாதிரி அடிக்கும் அந்த வெள்ளை ஸ்ப்ரே மட்டும் வேண்டாம்.

பின்சேர்க்கை: பக்கக் கிளையை ஒடித்து நட்டால் வருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேர் பிடிக்கலாம், ஆனால் நிமிராது, கிளையாகவே படுத்து வளரும், நட வேண்டுமானால் உச்சித் துண்டு அல்லது விதை. நம்பாமல் நானும் ஒன்று நட்டு வைத்தேன். பெயிண்ட் டப்பாவிலிருந்து கைப்பிடிச் சுவரைப் பார்த்துக் கை நீட்டியபடி கிடக்கிறது, துணி காயப்போட வரும்போதெல்லாம் புடவையில் மாட்டுகிறது என்று வீட்டில் தினமும் திட்டு.