பெர்சன், பீப்பிள், பீப்பிள்ஸ்: எங்கே எதைப் போடுவது?

பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு. 'என் குடும்பம்' பற்றி ஆங்கிலத்தில் எழுதியதைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினான். முதல் வரியிலேயே 'ஃபைவ் பீப்பிள்ஸ்'. திருத்தாமல் ஒன்று மட்டும் கேட்டேன்: "தமிழில் 'மக்கள்கள்' என்று எழுதுவாயா?" சிரித்துவிட்டு, கடைசி 'எஸ்' எழுத்தைத் தானே அடித்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

'ஒருவர்', 'ஓர் ஆள்' என்று வாயில் வந்தால் பெர்சன். 'இரண்டு பேர்', 'நிறையப் பேர்' என்று வந்தால் பீப்பிள். 'வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம்' என்பதற்கு 'தேர் ஆர் ஃபைவ் பீப்பிள் இன் மை ஃபேமிலி'. அன்றாடப் பேச்சுக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும்.

இரண்டாம் படி: கூட வரும் சொற்களைச் சரிபாருங்கள்.

அதிகம் சறுக்குவது இங்கேதான். பீப்பிள் முடிவில் 'எஸ்' இல்லாததால் ஒருமை என்று எண்ணி 'இஸ்' போட்டுவிடுகிறோம். 'மக்கள் காத்திருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லையே! 'பீப்பிள் ஆர் வெயிட்டிங்' என்பதே சரி. தண்ணீரைப் போல அளக்கும் பொருளல்ல, தலையை எண்ணலாம். ஆகவே 'மச்' வேண்டாம், 'மெனி பீப்பிள்'. 'எவ்ரி பீப்பிள்' என்பதும் தவறு. தமிழிலும் 'ஒவ்வொரு பேரும்' என்பதில்லை, 'ஒவ்வொருவரும்' என்கிறோம். அந்த 'ஒருவர்' காட்டுவது பெர்சனை: 'எவ்ரி பெர்சன்'.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் காலை வாரிவிடும். நமக்கு 'இந்த ஆள்', 'இந்த ஆட்கள்' இரண்டுக்கும் ஒரே 'இந்த'. ஆங்கிலத்தில் 'திஸ் பெர்சன்', ஆனால் 'தீஸ் பீப்பிள்'. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

மூன்றாம் படி: 'நபர்கள்' என்று தோன்றினால் பெர்சன்ஸ்.

லிஃப்ட்டுக்குள் பாருங்கள்: '6 பெர்சன்ஸ், 408 கிலோ' என்று பலகை இருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. (கல்யாண மண்டப லிஃப்ட்டில் இந்தக் கணக்கை யாரும் மதிப்பதில்லை.) அறிவிப்பு, சட்டம், காவல்துறைக் குறிப்பு ஆகியவற்றின் மொழி இது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் பெர்சன்ஸ்தான். வீட்டில் அம்மாவிடம் போய் 'நான்கு நபர்கள் சாப்பிட வருகிறார்கள்' என்று சொல்லிப் பாருங்கள், எப்படி விறைப்பாக ஒலிக்கிறது! சாதாரணப் பேச்சில் பெர்சன்ஸ் போட்டால் ஆங்கிலேயர் காதிலும் அப்படித்தான் விழும்.

நான்காம் படி: பீப்பிள்ஸ் என்றும் ஒரு சொல் உண்டு.

பையனிடம் இதை நான் சொல்லவில்லை, குழம்பிவிடுவான். பீப்பிள் என்பதற்கு 'ஒரு நாட்டு மக்கள்', 'ஓர் இனம்' என்ற பொருளும் இருக்கிறது. அந்தப் பொருளில் மட்டும் எண்ணிப் பன்மையாக்கலாம். நம் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை 'வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று தொடங்குகிறது. ஒரு நாடு, எனவே 'எஸ்' இல்லை. 1945-இல் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தின் தொடக்கமோ 'வீ தி பீப்பிள்ஸ்'. பல நாட்டு மக்கள். தமிழில் 'மக்களினங்கள்' என்று சொல்லத்தக்க இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'மக்களின்' என்ற பொருளுக்கும் ஒலி இதுவேதான். எழுத்தில் 'எஸ்'ஸுக்கு முன்னால் தலைக்கு மேல் ஒரு காற்புள்ளி வரும். சீன மக்கள் குடியரசின் ஆங்கிலப் பெயரில் அதைக் காணலாம்.

எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி: பி, ஈ, ஓ, பி, எல், ஈ. நடுவிலுள்ள 'ஓ' வாயில் வராது, தாளில் வந்தாக வேண்டும். எழுதும்போது மட்டும் மனதுக்குள் 'பெ-ஓ-ப்ளே' என்று படியுங்கள். நான் இன்னும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பையனின் கட்டுரையில் கடைசி வரி 'எவ்ரி பீப்பிள் லைக் இட்லி'. பீப்பிளை அடித்துப் பெர்சன் ஆக்கினான். ஒருமை ஆகிவிட்டதே, வினைக்கு ஓர் 'எஸ்' தேவைப்பட்டது. முதல் வரியில் அடித்ததை இங்கே கொண்டுவந்து ஒட்டினோம்: 'எவ்ரி பெர்சன் லைக்ஸ் இட்லி'.