ஜெபம் முடிந்தும் போகாமல் நிற்பவர்: பாஸ்டர், அஸ்ரத், பூசாரி எல்லோருக்கும்

ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா மட்டும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் நின்றுகொண்டிருப்பார். "தலைவலி தீரவே மாட்டேங்குது பாஸ்டர், ஜெபம் பண்ணுங்க" என்பார். தர்கா என்றால் பிள்ளை தூக்கத்தில் அலறுகிறான், ஓதி ஊதிக் கொடுங்கள் என்று தண்ணீர் பாட்டிலோடு வருவார். அம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு கேட்பார். பல நேரம் அது வெறும் தலைவலிதான். சில நேரம் வீட்டில் அடி விழுகிறது, அல்லது சொந்தக்காரர் யாரோ பிள்ளையிடம் தப்பாக நடந்துகொள்கிறார். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயங்குகிறவர்கள் உங்களிடம்தான் முதலில் வருகிறார்கள்.

முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள். கதவு திறந்திருக்கட்டும், நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக, ஆனால் பேச்சு காதில் விழாத தூரமாக. இன்னொரு பெண் கூட இருக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள், அவர் மாமியாருக்கு வேண்டியவராக இருந்துவிட்டால் போச்சு. தலையில் கை வைத்து ஜெபிப்பது உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம், அடி வாங்கின உடம்பு ஓங்கி வருகிற எந்தக் கைக்கும் பதறும், கேட்டுவிட்டு வையுங்கள். "இத்தனை நாள் ஏம்மா சொல்லல?", "நீ என்ன பேசின?" இரண்டும் வேண்டாம். "நீங்க சொல்றதை நம்புறேன், இதுல உங்க தப்பு எதுவும் இல்லை" என்று சொன்னால் போதும். தேதி மாறும், முன்னுக்குப் பின் வரும், சிரித்துக்கொண்டேகூடச் சொல்வார். பயத்தில் பதிந்த நினைவு அப்படித்தான் வெளியே வரும், அதை வைத்துப் பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம், பஞ்சாயத்து. நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நான் பேசுறேன்" என்று நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்வீர்கள். அவரும் உங்கள் முன்னால் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்பார், ராத்திரி கதவைச் சாத்தியபிறகு "வெளியில போய்ச் சொன்னியா" என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை. அதனால் அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் கணவரிடமோ ஜமாஅத்திலோ சபைக் கமிட்டியிலோ ஒரு வார்த்தை போகக்கூடாது. அனுசரித்துப் போ, பொறுமையாக இரு, கல்லானாலும் கணவன் என்பதையெல்லாம் அவர் பிறந்த வீட்டிலேயே கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். பைபிளில் எபேசியர் 5:22-ஐச் சொல்லி அடங்கச் சொல்கிற பாஸ்டர்கள், மனைவியிடம் அன்பாயிருக்கச் சொல்லிப் புருஷருக்கு எழுதிய 25-ம் வசனத்தில் ஏனோ நிற்பதில்லை. மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். மேடையில் ஏற்றி சாட்சி சொல்ல வைப்பதெல்லாம் கூடவே கூடாது.

வன்முறைக்கு ஆளானவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் கதை வேறு. 2012 போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்குத் தன் கீழ் வேலை செய்பவர் விஷயத்தில் ஒரு வருடம் வரை. எனவே "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளையிடம் சத்தியம் செய்துவிடாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவத்தை அறிக்கையிடும்போது, காதில் விழுந்ததைத் திருச்சபை விதிப்படி ஃபாதர் வெளியே சொல்ல முடியாது என்பதால், வெளியே வந்து தனியாகப் பேசும்படி அங்கேயே சொல்லலாம். குழந்தை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள், போனில் வீடியோ எடுக்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியரோ மதரஸா உஸ்தாதோ அறங்காவலரோ என்றால் அன்றைக்கே பிள்ளைகள் பக்கம் வராமல் நிறுத்துங்கள். உள்விசாரணை, வேறு ஊருக்கு மாற்றுவது இதெல்லாம் அடுத்த ஊர்ப் பிள்ளைக்குக் குழி வெட்டுகிற வேலை.

பலாத்காரம் நடந்து மூன்று நாளுக்குள் என்றால் முதலில் ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரமானால் நல்லது. எஃப்.ஐ.ஆர் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது, தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாகத்தான் பார்க்க வேண்டும். முடிந்தால் குளிக்காமல், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் போகச் சொல்லுங்கள்.

ஆடுகிறார், அலறுகிறார், பேய் பிடித்திருக்கிறது என்று கூட்டி வந்தால் விரட்டுகிற வேலையில் இறங்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. நீங்களும் விபூதி பூசுங்கள், ஓதுங்கள், கூடவே டாக்டரிடமும் அனுப்புங்கள். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் மனநல உதவி எண் 14416-ல் பேச வையுங்கள்.

அடி வாங்குகிற பெண் வீட்டை விட்டு வருவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, நீங்கள் தள்ளக்கூடாது. வெளியேறப் பார்க்கிற நேரம்தான் அடி இன்னும் மோசமாகும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை நம்பகமான ஒரு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அவர் போனைக் கணவர் பார்ப்பாரா என்று கேட்காமல் வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்பாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ல் பேசினால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் சில நாள் தங்க இடம் கிடைக்கும், வக்கீலும் கவுன்சிலிங்கும் அங்கேயே ஏற்பாடாகும். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112. வீடு கணவர் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க 2005 குடும்ப வன்முறைச் சட்டம் உரிமை தருகிறது, பலருக்கு இது தெரியாது.

ஒரு மாதம் கழித்து அவர் கணவரிடமே திரும்பிப் போகலாம். சலித்துக்கொள்ளாதீர்கள், "அன்னைக்கே சொன்னேனே" வேண்டாம், அடுத்த முறையும் உங்களிடம் வர வழி திறந்திருக்க வேண்டும். இன்றைக்கே செய்ய ஒரு வேலை: 181, 1098 இரண்டையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யாரும் நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள்.