கட்டிங் வேஸ்ட்டை மேஜையிலேயே பிரிப்பது எப்படி

திருப்பூரில் இரண்டு மூன்று கட்டிங் டேபிள் போட்டுச் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினாறு வருடமாகக் கட்டிங் செக்‌ஷன்தான் என் இடம். கருத்தரங்குகளில் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். நம் பக்கம் அது பழகிய வேலைதான். நாம் வெட்டிப் போடும் துண்டு வெள்ளக்கோவில், பல்லடம், உடுமலைப் பக்கம் இருக்கும் ஓ.இ. மில்களுக்கு, அதாவது குட்டை இழையையும் நூற்கிற ஓப்பன் எண்ட் நூற்பாலைகளுக்குப் போகிறது. அங்கே கிழிபட்டுப் பஞ்சாகி, நூலாகி, போர்வையாகவும் கையுறையாகவும் திரும்பி வருகிறது. ஆனால் எல்லாத் துண்டும் அப்படிப் போவதில்லை. கலந்து கிடப்பது மெத்தைக்குள் திணிக்கவும் மெஷின் துடைக்கவும் போய், அதோடு முடிந்துவிடுகிறது. நூலாகுமா, துடைக்கும் துணியாகுமா என்பது நம் மேஜையில்தான் முடிவாகிறது.

முதல் வேலை, வேஸ்ட்டையே குறைப்பது. மார்க்கர், அதாவது துணியில் எந்தப் பாகம் எங்கே வெட்டுவது என்ற வரைபடம், போடும்போது பெரிய சைஸுக்கு நடுவே சின்ன சைஸைக் கோத்துப் போடுங்கள். துணியின் அகலத்தை ரோலுக்கு ரோல் அளந்து பாருங்கள். ஒரே லாட்டிலேயே ஒன்றிரண்டு அங்குலம் மாறும், மார்க்கர் அதற்கு ஏற்றதாக இருக்காது. ரோல் முடிவில் மிஞ்சும் எண்ட் பிட்டைத் தனியாக எடுத்து வைத்தால் பாக்கெட், கழுத்துப் பட்டி, குழந்தைச் சைஸ் கை என்று ஏதாவது ஒன்று வரும். இதைக் கட்டிங் மாஸ்டர்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள், அவர்களிடம் விட்டுவிடலாம்.

பிரிப்பதுதான் கடினம். துண்டு கீழே விழுந்து, பெருக்கி, ஒரே சாக்கில் அடைத்த பிறகு அதைப் பிரிக்க யாராலும் முடியாது. அதனால் டேபிளின் இரண்டு பக்கமும் கைக்கு எட்டும் தூரத்தில் சாக்கு மாட்டுங்கள். கத்தியை நிறுத்தியதும் கையில் இருப்பது நேராகச் சாக்குக்குள் போக வேண்டும். தரையில் விழுந்ததைத் தனிச் சாக்கில் போடுங்கள். அதில் தூசி, எண்ணெய், நூல் முடிச்சு எல்லாம் இருக்கும்.

எங்கள் யூனிட்டில் சாக்குகளுக்கு முதலில் தமிழில் பேர் எழுதி ஒட்டினோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களால் அதைப் படிக்க முடியவில்லை. அப்புறம் ஹெல்பர் அக்கா ஒருவர் சொன்ன யோசனைதான் நிலைத்தது: "அந்தந்தத் துணியிலயே ஒரு துண்டை சாக்கு வாயில தெச்சு விட்டுடுங்கண்ணா, பாத்தாலே தெரியுமுங்க." வெள்ளைச் சாக்கு வாயில் வெள்ளை ஜெர்சி, கறுப்பில் கறுப்பு, ரிப்புக்கு ரிப். அன்றைக்குப் பிறகு யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

எத்தனை சாக்கு வேண்டும்? குறைந்தது ஐந்து. வெள்ளைப் பருத்தி, கறுப்புப் பருத்தி, மற்ற கலர் பருத்தி, பாலியஸ்டர் கலந்தது, லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்தது. ஒரே கலரில் பெரிய ஆர்டர் ஓடினால் அதற்குத் தனிச் சாக்கு. கலர் பிரிந்து போனால் மில்லில் அந்தக் கலரிலேயே நூல் வரும், மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களை நான் பார்த்தவன். சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறு எந்த நிலையில் ஓடியது என்பதும் தெரியும். சாயத் தொட்டிக்குள் போகாமல் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் எனக்குப் பெரிய விஷயம். வெள்ளைச் சாக்கில் ஒரு கைப்பிடி கறுப்பு விழுந்தால்கூட நூல் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லைக்ராவைக் கண்டுபிடிப்பது சுலபம். துண்டின் ஓரத்தைப் பிரித்து ஒரு நூலை இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் மெல்லிய இழை இருந்தால் அதுதான். கிழிக்கும் இயந்திரத்தில் அது கிழியாமல் நீண்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். பாலியஸ்டர் சந்தேகம் வந்தால் கட்டிங் ஹாலுக்கு வெளியே போய், ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கலப்புத் துணி. பிரிண்ட் அடித்த பீஸ் ரிஜெக்ட் ஆனால், பிரிண்ட் உள்ள இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சாக்கில் போடுங்கள்.

இனி ஊக்கு. வெட்டிய பீஸ்களின் கட்டில் மாட்டும் அடையாளச் சீட்டான பண்டில் டிக்கெட்டை நாங்கள் முன்பு ஊக்கால்தான் குத்துவோம், சில நேரம் ஸ்டேப்ளர் பின். ஒருநாள் எங்கள் லோடு போன மில்லில், துண்டு கிழிக்கும் இடத்தில் தீப்பொறி பறந்து பஞ்சு புகைய ஆரம்பித்திருக்கிறது. நல்லவேளையாக உடனே அணைத்துவிட்டார்கள். அடுத்த முறை வந்த லாரி டிரைவரிடம் மில்காரர் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்தால் கருகிப்போன ஒரு ஊக்கு. ஒரு வார்த்தை எழுதவில்லை. அது இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அன்றே ஊக்கையும் ஸ்டேப்ளரையும் கட்டிங் ஹாலிலிருந்து எடுத்துவிட்டோம். டிக்கெட்டை நூலால் கட்டுகிறோம். சாக்கு கட்டுவதற்கு முன் ஒரு பெரிய காந்தத்தைத் துண்டுகளுக்குள் விட்டுத் துழாவுகிறோம். உடைந்த ஊசி கிடைக்கிற நாளும் உண்டு. நீங்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

சாக்கை ஈரமில்லாத இடத்தில், தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். பேப்பர் கோன், பாலிதீன் கவர், துணிக்கு அடியில் விரிக்கும் லே பேப்பர் எதுவும் உள்ளே போகக் கூடாது. தினமும் மாலையில் எடை போட்டு, எந்த ஸ்டைல், எந்தச் சாக்கு, எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினாலே எந்த மார்க்கர் துணியைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் உதவும். ஆர்டர் கொடுக்கும் பையர் மறுசுழற்சி நூலில் செய்த துணி வேண்டும் என்றால், ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) சான்றிதழும் கேட்பார். அதற்குக் குறைந்தது 20 சதவீதம் மறுசுழற்சி இழை வேண்டும், துணியில் லேபிள் போட 50 சதவீதம். உங்கள் வேஸ்ட் வாங்குகிற மில்லுக்கு, அது எங்கிருந்து எவ்வளவு வந்தது என்ற கணக்கு தேவைப்படும். கணக்கு வைத்திருப்பவரிடம் வாங்கவே அவர்கள் விரும்புவார்கள்.

வியாபாரியிடம் விற்கும்போது, இது எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் தெரிந்த வியாபாரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மில்லுக்கு ஒருமுறை நேரில் போய், உங்கள் துண்டு கிழிபடுவதைப் பாருங்கள். இழை நீளம் குறைந்துவிடுவதால் புதுப் பஞ்சோ பாலியஸ்டர் இழையோ சேர்த்துத்தான் நூற்கிறார்கள், அதுவும் தடித்த நூலாக. அதனால் மெல்லிய டி-ஷர்ட் துணியை அதில் எதிர்பார்க்காதீர்கள். துணிப்பை, கனமான ஸ்வெட்ஷர்ட் போன்றவற்றுக்குச் சரியாக வரும். எங்கள் கம்பெனியில் சாம்பிள் அனுப்பும் பைகளை இப்போது அந்த நூலில்தான் செய்கிறோம்.

லைக்ரா சாக்குக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. திணிக்கும் வேலைக்குத்தான் போகிறது. அதையும் எடை போட்டு, தனியாகவே வைக்கிறேன். கலந்துவிட்டால் வழி பிறக்கும்போது எடுத்துக் கொடுக்க முடியாது. வரும் திங்கட்கிழமை ஒரே ஒரு டேபிளில், வெள்ளைக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று இரண்டு சாக்கு மட்டும் மாட்டி ஆரம்பியுங்கள். இரண்டு வாரத்தில் மூன்றாவது சாக்கை உங்கள் ஆட்களே கேட்பார்கள்.