இருளை வீணாக்காதீர்கள்

மின்னிசையும் நாடகமும் காணொளியும் கலந்த கோதிக் நிகழ்ச்சியை, அதாவது இருளும் அச்சமும் சோகமும் தோய்ந்த பாணி நிகழ்ச்சியை, மேடையேற்றத் துடிக்கும் தமிழ் இளைஞர்கள் சிலருக்குக் கோலாலம்பூரில் ஒளியமைப்பு செய்து கொடுக்கிறேன். குரலிலும் ஒப்பனையிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் பார்வையாளர்கள் கைப்பேசியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மேடையில் இருளே இருப்பதில்லை.

முதல் குற்றவாளி புரொஜெக்டர். அதனால் கறுப்பை வீச முடியாது. காணொளி முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். திரையில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று நிற்கும். செந்தூலில் ஒரு நிகழ்ச்சியில் நாயகி செத்து விழுந்தாள், இசை நின்றது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அவள் வயிறு ஏறி இறங்கியது கடைசி வரிசை வரை தெரிந்தது. அன்று முதல் லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் கறுப்பு அட்டை ஒன்றைக் கீல் போலத் தொங்கவிட்டு நூல் கட்டி வைக்கிறேன். நூலை விட்டால் அட்டை விழும், அரங்கம் அணையும். லென்ஸை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், சூடு ஏறும்.

அடுத்த தவறு அவசரம். திரை விலகியதும் முகப்பூச்சு, புகை, காணொளி, முழு இசை எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். கோதிக் இசைக்கு அடித்தளமிட்ட பௌஹவுஸ் குழு 1979இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில், குரல் வரவே இரண்டு நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் தெருக்கூத்தைப் பாருங்கள். இருவர் திரை பிடித்து நிற்க, வேடம் அதன் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வரும். முகம் தெரியும் முன்பே ஊர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

இசையை ஒரு கணினியிலும் காணொளியை இன்னொன்றிலும் வைத்து, இருவர் கண்ணசைவில் ஒன்றாக அழுத்துவதையும் விடுங்கள். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படம் 25 ஆக ஓடினால், ஆறு நிமிடப் பாட்டில் ஏறக்குறைய 14 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். இரண்டும் ஒரே கணினியிலிருந்து வரட்டும். வேகம் தவறாமலிருக்க ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் தாளக்கட்டு ஒலியைத் தனித் தடத்தில் வைத்து இசைப்பவரின் காதுக்கு மட்டும் அனுப்புங்கள். அது அரங்க ஒலிபெருக்கிக்குப் போகவில்லை என்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உருமி சேர்க்கிறீர்களா? அங்கேதான் பெரும்பாலும் சறுக்கல். உருமிக்காரர் இயந்திரத் தாளத்துக்கு அடங்கி வாசித்துப் பழகியவர் அல்லர். ஆவேசம் ஏற ஏற வேகமும் ஏறும். அந்த ஏற்றத்துக்காகத்தானே அவரை அழைத்தீர்கள்? அவர் வாசிக்கும் பகுதியில் காணொளியை நிறுத்திவிட்டு, மின்னிசையில் தாளமில்லாத நீண்ட ஒலியை மட்டும் விடுங்கள். அவர் முடித்துக் கைகாட்டியதும் அடுத்த தடத்தைத் தொடங்கலாம்.

புகை போடுவதாக இருந்தால் அரங்கப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தீ எச்சரிக்கை மணி அலறினால் நிகழ்ச்சி அத்தோடு சரி. புகை அடர்ந்தால் காணொளியும் வெளிறிவிடும். வெட்டி மின்னும் விளக்கை நொடிக்கு நான்கு முறைக்கு மேல் மின்னவிடாதீர்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. வாசலிலேயே எச்சரிக்கை எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக, எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. காளியையும் முனியாண்டியையும் பயமுறுத்தும் படமாகத் திரையில் ஓடவிடுகிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த நம் பாட்டிமாருக்கு முனியாண்டி பேயல்ல, காவல். அவர் பெயரைச் சொல்லித்தான் இருட்டில் வெளியே போனார்கள்.

அச்சமூட்டும் இருள் நமக்கு வேறு இருக்கிறது. விடியும் முன் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்த பால்வெட்டுத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மரம் மட்டும் தெரியும். சுற்றிலும் மற்றதெல்லாம் கறுப்பு. அதை மேடையேற்றப் புரொஜெக்டரே வேண்டாம். பாடகியின் நெற்றியில் ஒரு விளக்கு, மூன்று மரத்தூண்கள், சிந்தசைசரில் தாழ்ந்த ஒரே சுரம். அடுத்த ஒத்திகையில், வெளியேறும் வழி விளக்குகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் இதை முயன்று பாருங்கள்.