எரிந்தது ட்ரான்ஸ்போமர், எரித்தது யார்?

கனடாவில் இருந்து பெரியப்பா மகன் அனுப்பிய வால்வு கிட்டார் அம்ப். கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் பெட்டியைப் பிரித்த அவசரத்தில், ஒரு அடாப்டரை மாட்டி நேரே சுவரில் குத்தியிருக்கிறார்கள். 120 வோல்ட் அம்புக்குள் 230 வோல்ட். பியூஸ் போனது. அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைப் பியூஸில் சுற்றி மறுபடியும் போட்டார்களாம். என்னிடம் வந்தபோது மூடியைக் கழற்ற முதலே பவர் ட்ரான்ஸ்போமரின் வார்னிஷ் கருகிய மணம்.

அந்த அம்பைக் கொன்றது யார் என்பது தெரிந்த கதை. பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. பவர் ட்ரான்ஸ்போமர் தானாகச் சாவது அரிது. ஷோர்ட் ஆன பவர் வால்வு, உடைந்த டயோட், பழுதான பில்டர் கபாசிட்டர் என்று எதுவோ ஒன்று அதை இழுத்துக் கொண்டு போயிருக்கும். அதைத் தேடாமல் புதியதை மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும். நான் பார்க்கும் முதல் தவறு இதுதான்.

இரண்டாவது, நல்ல ட்ரான்ஸ்போமரையே பழுது என்று முடிவுகட்டுவது. அதைச் சோதிக்க அம்பைத் திறக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கபாசிட்டர்களில் 400 வோல்டுக்கு மேல் காத்திருக்கலாம். ஸ்குரூட்ரைவரால் தட்டி ‘பட்’ என்று வெடிக்க வைப்பது வீரமில்லை. 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரில் பிடித்து, கபாசிட்டரின் இரு முனைகளிலும் மாட்டி, வோல்டேஜை மெல்ல இறக்குங்கள். மீட்டரில் பூச்சியத்துக்குக் கிட்ட வந்த பின்பே கையை வையுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரமாகப் பார்ப்பது நல்லது.

பிறகு வால்வுகளை எல்லாம் கழற்றி, வயர்களை போட்டோ எடுத்து, ட்ரான்ஸ்போமரில் இருந்து வெளியே போகும் செகண்டரி வயர்கள் அத்தனையையும் விடுவித்து, ஒன்றோடொன்று தொடாமல் டேப் சுற்றுங்கள். சுவர்க் கரண்ட் உள்ளே வரும் பிரைமரிக்குத் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்ப். ட்ரான்ஸ்போமர் நலமாக இருந்தால் பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்துபோகும், அல்லது மிக மங்கலாக நிற்கும். பிரகாசமாக எரிந்தபடியே இருந்தால் உள்ளே சுற்றுகள் ஷோர்ட். ஓம் மீட்டர் இதைக் காட்டாது. நூற்றுக்கணக்கான சுற்றுகளில் நாலைந்து ஒட்டிக்கொண்டால் அளவில் என்ன தெரியப் போகிறது? 120 வோல்ட் ட்ரான்ஸ்போமரை, 230ஐ 120 ஆக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி வழியாகவே சோதியுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பழைய இழை பல்ப் தேடுவது இப்போது கஷ்டம்; நான் நாலைப் பதுக்கி வைத்திருக்கிறேன்.

சரி, ட்ரான்ஸ்போமர் போனது உறுதி. புதியது வாங்கும்போது வோல்டேஜை மட்டும் பார்க்கிறார்கள், வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டருக்கான அம்பியரை மறந்துவிடுகிறார்கள். ஈஎல்34 பவர் வால்வு ஒன்றுக்கு 1.5 அம்பியர், 12ஏஎக்ஸ்7 சின்ன வால்வு ஒன்றுக்கு 0.3. இரண்டு பவர் வால்வும் மூன்று சின்ன வால்வும் என்றால் 6.3 வோல்டில் 3.9 அம்பியர். அதற்கு 3 அம்பியர் ட்ரான்ஸ்போமர் போட்டால் அடுப்பாகும். பழையதில் பயஸ் டாப் (பவர் வால்வை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்டேஜுக்கான வயர்) இருந்ததா, ஹை வோல்டேஜ் பக்கத்தில் சென்டர் டாப் (சுற்றின் நடுவில் இருந்து வரும் வயர்) இருந்ததா என்பதையும் பாருங்கள். ஹீட்டருக்குச் சென்டர் டாப் இல்லாவிட்டால் கவலையில்லை, இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்கலாம்.

இங்கே நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அம்ப் ஒன்றின் ட்ரான்ஸ்போமரைச் சுற்றக் கொடுத்தபோது, “கோர் (நடுவில் உள்ள இரும்பு) அப்படியே இருக்கட்டும், பிரைமரிச் சுற்றுகளை மட்டும் 230க்கு ஏற்ற மாதிரிக் கூட்டுங்கள்” என்றேன். சுற்றியவர் சொன்னபடியே செய்தார். அது 60 ஹெர்ட்ஸுக்கு அளந்து செய்த கோர். நம்முடைய 50 ஹெர்ட்ஸில் அதே கோர் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காந்தப்பாயத்தைச் சுமக்க வேண்டும். ஒரு பாட்டு முடியுமுன்னே கை வைக்க முடியாத சூடு, கூடவே தேனீக் கூட்டம் போல இரைச்சல். பெரிய கோரில் மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. காசு என்னுடையது.

வயர் நிறத்தை நம்ப வேண்டாம், புதியதோடு வரும் தாளைப் பார்த்து, மீட்டரால் உறுதிசெய்யுங்கள். இரண்டு 120 வோல்ட் பிரைமரிகளைத் தொடராக இணைக்கும்போது ஒன்றைத் தலைகீழாக இணைத்தால் அது ஷோர்ட்டுக்குச் சமம். எர்த் வயருக்கு, அம்பின் உலோகச் சட்டமான செசியில் தனி போல்ட் வேண்டும், ட்ரான்ஸ்போமரைப் பிடிக்கும் போல்டில் கட்டாதீர்கள். பியூஸும் மாறும்: 120 வோல்டில் 2 அம்பியர் ஸ்லோ பியூஸ் இருந்த இடத்தில் 230க்கு 1 அம்பியர்தான்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போதும் அந்தக் குண்டு பல்ப் தொடரில் இருக்கட்டும். முதலில் வால்வுகள் இல்லாமல் செகண்டரிகளை அளவுங்கள். லோட் இல்லாததால் சொன்னதைவிடச் சற்றுக் கூடத்தான் காட்டும். பிக்ஸ்ட் பயஸ் அம்ப் (பவர் வால்வுக்கு மைனஸ் வோல்டேஜைத் தனியாகக் கொடுக்கும் வகை) என்றால், ஈஎல்34 சொக்கட்டின் 5ஆம் காலில் மைனஸ் வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்காமல் பவர் வால்வைச் செருகவே கூடாது. வராவிட்டால் வால்வுக்குள் இருக்கும் உலோகப் பிளேட் சூடாகிச் சிவக்கும். எல்லாம் சரியென்றால் பல்பை எடுத்துவிட்டு பயஸைப் புதிதாகச் செட் பண்ணுங்கள். பழைய அளவு இந்த ட்ரான்ஸ்போமருக்குப் பொருந்தாது. அப்புறம் அறை விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் பிளேட்டுகளையே பார்த்துக்கொண்டிருங்கள்.