பேட்டரி 12 வோல்ட்டா, 24-ஆ, 48-ஆ? முதலில் ஆம்பியரைக் கணக்குப் போடுங்கள்

திண்டுக்கல்லில் இன்வெர்ட்டர் விற்பதும் மாட்டிக் கொடுப்பதும் என் தொழில். கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது: "அண்ணே, 24 வோல்ட் போட்டா கூட நேரம் ஓடுமா?" ஓடாது. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டை சீரிஸில் (ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு) இணைத்தால் 24 வோல்ட், 150 ஏ.எச். பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 12 வோல்ட், 300 ஏ.எச். எப்படி இணைத்தாலும் சரக்கு அதே 3,600 வாட்-அவர்தான். வோல்ட்டேஜ் ஏறினால் ஒயரில் ஓடும் ஆம்பியர் இறங்கும். அதற்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

கரண்ட் போனால் ஒரே நேரத்தில் எவையெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதி, வாட்டைக் கூட்டுங்கள். அதை பேட்டரி வோல்ட்டால் வகுத்து, இன்வெர்ட்டரில் வீணாவதற்காக ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். 1,000 வாட் லோடுக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரும். 24-இல் 50, 48-இல் வெறும் 25.

இந்த 100 ஆம்பியர் என்ன செய்யும் தெரியுமா? 16 சதுர மி.மீ. செம்பு ஒயர், போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒயரிலேயே அரை வோல்ட் போய்விடும். 46 வாட் சூடாக வீணாகும். அதே ஒயரில் 25 ஆம்பியர் என்றால் 3 வாட் கூட வீணாகாது. ஆம்பியர் பாதியானால் சூடு கால்வாசியாகும், அதுதான் கணக்கு. கருகின லக்கு (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை), உருகின டெர்மினல் மூடி என்று நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 12 வோல்ட்டில் அளவுக்கு மீறி இழுத்த வீடுகளில்தான். ஒயரில் 100 ஆம்பியரைத் தாண்ட விடுவதில்லை என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

இரண்டு ஃபேன், நாலு எல்.இ.டி. பல்பு, டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்தும் 300 வாட்டுக்குள் நிற்கும். 12 வோல்ட், ஒரு டியூபுலர் பேட்டரி போதும். அதற்கு மேல் விற்க நினைப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் சேர்ந்தால் 24. ஒரு ஹெச்.பி. மோட்டாரோ ஏ.சி.யோ வேண்டுமென்றால் 48-க்குக் கீழே யோசிக்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும்.

கடை, கல்யாண மண்டபம் அளவுக்குப் போனால் 96, 120 வோல்ட் வரிசைகள் வரும். டி.சி.யில் (பேட்டரி தரும் நேர்மின்சாரம்) அது தொட்டால் உயிரை எடுக்கும் அளவு. டெர்மினலை மூடி வைத்து, டி.சி.க்கென்றே செய்த பிரேக்கர் போடுங்கள். வீட்டு லைனில் வரும் ஏ.சி. கரண்டுக்கான (மாறுமின்சாரம்) பிரேக்கர் அங்கே உதவாது, டி.சி.யில் எழும் தீப்பொறி லேசில் அணையாது.

அப்புறம், சீரிஸில் போடுபவை எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே ஏ.எச்., ஒரே வயது. நாலு பேட்டரியில் ஒன்று செத்தால் அதை மட்டும் புதிதாக மாற்றச் சொல்வார்கள். மற்ற மூன்றும் பழசு என்றால் புதியதும் சீக்கிரமே கெடும். 24 வோல்ட் வரிசையில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து கேமராவுக்குக் கொடுப்பதும் கூடாது. அந்த ஒன்று மட்டும் தினமும் குறைந்துகொண்டே வரும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும்.

12 வோல்ட் இன்வெர்ட்டருக்குப் பிற்பாடு 24 வோல்ட் கொடுக்க முடியாது என்பதையும் வாங்கும்போதே நினைவில் வையுங்கள். இரண்டு வருடத்தில் சோலார் போடும் எண்ணமிருந்தால் இப்போதே 24 அல்லது 48 எடுங்கள். லித்தியம் என்றால் 48 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 16 செல் கொண்ட 51.2 வோல்ட் பேக் ஒன்றாகவே கிடைக்கும், சீரிஸ் தலைவலியே இல்லை. 12 வோல்ட் லித்தியம் பேக்குகளை நீங்களாக சீரிஸில் கோர்க்கப் போகிறீர்கள் என்றால், அதன் பி.எம்.எஸ். (பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) அதை அனுமதிக்கிறதா என்று கம்பெனியின் தாளில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.