மங்கோலியாவில் குதிரைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர்கோன் பள்ளத்தாக்கிலிருந்து நைமன் நூர் ஏரிகள் வரை குதிரையில் போக வேண்டும், மேய்ப்பர் குடும்பங்களோடு தங்க வேண்டும் என்று விரும்பி வருகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் நாங்கள் தொடக்க காலத்தில் செய்த அதே பிழைகளைப் புதிதாக வருகிறவர்கள் வரிசை மாறாமல் செய்வதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். தலைக்கவசம் அணியுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிளம்பும் முன் உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஊட்டிக் குதிரை என்று நினைத்து ஏறுவது

மங்கோலியக் குதிரை உருவத்தில் சிறியது. தோள் உயரம் பெரும்பாலும் 120 முதல் 140 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதைப் பார்த்ததும் பலருக்குப் பயம் போய்விடுகிறது. அங்குதான் சிக்கல் தொடங்குகிறது. இந்தக் குதிரைக்கு லாயம் கிடையாது. மைனஸ் 30 டிகிரி குளிரிலும் வெளியில்தான் நிற்கும், பனியைக் குளம்பால் கிளறிப் புல்லைத் தேடித் தின்னும். ஒரு பொலிகுதிரையின் தலைமையில் மந்தையாக வாழும். மேய்ப்பர் தமக்குத் தேவைப்படும்போது நீண்ட கழியின் நுனியில் சுருக்குக் கட்டிய ‘ஊர்கா’வால் ஒரு காயடித்த குதிரையைப் பிடித்துவந்து, சில காலம் ஓட்டிவிட்டு மறுபடியும் மந்தையில் விட்டுவிடுவார். அதாவது, இன்று உங்களைச் சுமக்கும் குதிரை போன வாரம் வரை மனிதர் கைபடாமல் மேய்ந்துகொண்டிருந்திருக்கலாம்.

அதனால் இடப்பக்கம் நின்றுதான் ஏற வேண்டும், இடப்பக்கம்தான் இறங்க வேண்டும். வலப்பக்கம் போய்க் கால் வைத்தால் அது உங்களை வேறு ஏதோ என்று நினைத்துத் துள்ளும். கடிவாளத்தை ஒரே கையில் பிடியுங்கள். ‘ச்சூ’ என்றால் நடக்கும். அன்பு மிகுந்து முகத்தைக் கட்டிக்கொள்ளாதீர்கள். அதற்கு அது பழக்கமில்லை.

குதிரை மேல் உட்கார்ந்தபடி மழைக்கோட்டு போடுவது

மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் இதைச் சொல்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மழை வந்ததும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறார்.

மங்கோலியாவில் மழை பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்கிறது. நாம் போகிற காலமும் அதுதான். காலையில் வானம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும். பிற்பகலில் மலை முகட்டுக்கு அப்பாலிருந்து கருமேகம் திரண்டு கால் மணி நேரத்துக்குள் ஆலங்கட்டியோடு வந்து இறங்கும். நைமன் நூருக்கு ஏறும் வழியில் அப்படி ஒரு பிற்பகலில், எங்கள் குழுவில் இருந்த கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர் முதுகுப்பையிலிருந்து மழைக்கோட்டை உருவினார். நல்ல பையன், மூன்று நாளில் சவாரியை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் கடிவாளத்தைக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கோட்டுக் கைகளுக்குள் நுழைத்தார். அந்த நொடியில் காற்று கோட்டுக்குள் புகுந்தது. பட்டென்று ஒரு சத்தம். குதிரை ஒரே தாவலில் பறந்தது. அதைப் பார்த்து மற்றக் குதிரைகளும் ஓடின. கைகள் இரண்டும் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்ததால் அவரால் பிடரியைக்கூடப் பற்ற முடியவில்லை. விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது.

அந்த மலைப்பகுதிக்குள் ஆம்புலன்ஸ் வராது. நல்ல காலமாக, ஒரு மேய்ப்பர் குதிரையில் போய்ப் பக்கத்துக் குடும்பத்தின் ஜீப்புக்குச் சொல்லிவிட்டு வந்தார். ஜீப் வந்தபோது இருட்டியிருந்தது. சேற்றுப் பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கார்கோரின் என்ற ஊரிலிருந்து தலைநகர் உலான்பாத்தருக்கு இன்னும் சுமார் 360 கிலோமீட்டர். குழுவின் பயணம் அத்தோடு முடிந்தது.

நமக்கு எலும்பு. அந்தக் குடும்பத்துக்கு என்ன இழப்பு என்று யாரும் கேட்பதில்லை. ஓடிய குதிரையின் சேணம் வயிற்றுக்கடியில் புரண்டு தொங்கியது. அப்படித் தொங்கும் சேணம் காலில் இடற, இடற அது இன்னும் மிரண்டு ஓடும். வழிகாட்டி நடு இரவு வரை தேடித்தான் பிடித்துக்கொண்டுவந்தார். சேணப் பட்டை அறுந்திருந்தது, பின்னங்கால் கிழிந்திருந்தது. அவர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுவதும் அந்தக் குதிரையில் வெளியாட்களை ஏற்ற முடியாது என்று மட்டும் சொன்னார். கோடையின் சில வாரங்களில் வரும் இந்தப் பணம் அவர்களுக்குப் பெரிய உதவி.

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் எதில் என்றால், அந்தக் கோட்டை அந்த இளைஞருக்குக் கொடுத்தது பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம். வரவேற்புப் பையில் வைத்து, எல்லோருக்கும் ஆளுக்கொன்று. விரித்தாலே சரசரக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ரகம். குதிரையை அறிந்த எவரும் அதை அந்தப் பையில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு மிரள்கிறது? குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். முதுகுக்கு மேலே திடீரென்று பெரிதாக ஏதோ விரிந்து படபடத்தால், மேலே ஒரு விலங்கு பாய்ந்துவிட்டது என்றுதான் அதன் உடம்பு முடிவு செய்யும். மங்கோலியாவில் ஓநாய் கதையில் வருவதல்ல, குட்டிகளைத் தூக்கிப் போகும் நிஜம். ஓடாமல் நின்று யோசிக்கும் குதிரை அங்கே பிழைப்பதில்லை.

அதனால் செய்ய வேண்டியது இது. பிற்பகலில் அடிக்கடி வானத்தைப் பாருங்கள். மேகம் கறுக்கிறதென்றால் முதல் துளிக்குக் காத்திருக்காமல் வழிகாட்டியைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். இறங்குங்கள். கடிவாளத்தை அவர் கையில் கொடுங்கள். நான்கைந்து எட்டு தள்ளிப் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களை மேலிருந்து கீழ் வரை மாட்டித் தொங்கும் நாடாக்களை உள்ளே செருகுங்கள். பிறகு குதிரையின் தோள்பக்கமாக மெல்ல வந்து கோட்டின் கையை அது முகர்ந்து பார்க்கட்டும். அதன் காதுகள் தளர்ந்த பிறகு ஏறுங்கள். கழற்றுவதற்கும் இதே முறைதான். நனைந்தாலும் பரவாயில்லை, இறங்காமல் கழற்றாதீர்கள்.

கோட்டு வாங்கும்போது கடையிலேயே அதைக் காதருகே கசக்கிப் பாருங்கள். சரசரத்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேய்ப்பர்கள் போடும் ‘தேல்’ அங்கி கனமான துணி. இடுப்பில் நீண்ட கச்சையைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். காற்றில் ஒரு நுனிகூட ஆடாது. உலான்பாத்தரின் நரான்துல் சந்தையில் தேல் கிடைக்கும். என்னுடன் வருகிறவர்களில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் குளிருக்கும் அதற்கே நன்றி சொன்னார்கள்.

கோட்டுக்குச் சொன்னது மற்றவற்றுக்கும் பொருந்தும். பிஸ்கெட் பாக்கெட்டைக் கிழிப்பது, வெல்க்ரோ பையைப் பிரிப்பது, செல்ஃபி கம்பை நீட்டுவது, கழுத்தில் கேமராவை ஆடவிடுவது எல்லாம் அதே வகைதான். இறங்கிச் செய்யுங்கள்.

குதிரை ஓடியே விட்டது என்றால் கத்தாதீர்கள். கத்தினால் அது வேகம் கூட்டும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் பிடரியையோ சேணத்தின் முன் வளைவையோ பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் கடிவாளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சிறிது சிறிதாக இழுங்கள். திறந்த புல்வெளியில் அது பெரிய வட்டமாகத் திரும்பும், வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் குறையும்.

ட்ரெக்கிங் ஷூ

அகன்ற, பள்ளம் பள்ளமான அடிப்பாகம் அங்கவடியில் சிக்கிக்கொள்ளும். விழும்போது கால் வெளியே வராவிட்டால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் வைத்த, அடி வழுவழுப்பான பூட்ஸ் போடுங்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்கட்டும்.

உங்கள் எடையைக் குறைத்துச் சொல்வது

வேண்டாம். குதிரையின் முதுகு புண்ணாகும்.

மணிக்கணக்கு வைத்துக்கொண்டு நச்சரிப்பது

ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் போதும். மாலையில் இறங்கியதும் மேய்ப்பர் குதிரையைத் தலை உயரக் கட்டி நிறுத்துவார். வியர்வை அடங்கும்வரை புல்லும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. இரக்கப்பட்டுப் பாட்டில் தண்ணீரைக் காட்டாதீர்கள். அவருக்குத் தெரியும். இரவில் மூன்று கால்களைத் தளை போட்டு மேயவிடுவார். தளையோடும் அவை வெகுதூரம் போய்விடும். விடிந்ததும் ஒருவர் தேடிப் போவார், சில நாள் காலை பத்து மணிக்குத்தான் திரும்புவார். அதுவும் பயணத்தில் சேர்ந்ததுதான். திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளைச் சும்மா விட்டுவைத்துத் திட்டமிட்டால் இந்தப் பதற்றம் இருக்காது.

வீடு திரும்பும் கடைசி நாளில் குதிரைகள் தாமாகவே வேகம் பிடிக்கும். பந்தயம் விடலாம் என்று யாராவது கேட்பார்கள். விடாதீர்கள்.

கெருக்குள் விருந்தாளியாக நடந்துகொள்ளாதது

‘கெர்’ எனப்படும் மேய்ப்பர் கூடாரத்தை நெருங்கும்போது குதிரையை விட்டு இறங்கி, நாயைப் பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள். வீட்டுக்காரர் வெளியே வரும்வரை நில்லுங்கள். நுழையும்போது வாசற்படியை மிதிக்காமல் தாண்டி, இடப்பக்கமாகப் போய் உட்காருங்கள். கொடுப்பதை வலக்கையால் வாங்குங்கள். அடுப்புத் தீயில் காகிதம், டிஷ்யூ எதையும் போடாதீர்கள். தீ அவர்களுக்குப் புனிதம்.

வாசலருகே மாட்டுத்தோல் பை ஒன்று தொங்கும். அதில் பெட்டைக் குதிரையின் பால் புளித்துக்கொண்டிருக்கும், அதுதான் ஐராக். உள்ளே வருகிறவர் மரத்துடுப்பால் நாலு முறை கடைந்துவிட்டு உட்காருவது அங்கே வழக்கம். நீங்களும் கடையலாம். முகம் மலர்ந்துவிடும் அவர்களுக்கு. குடிப்பதென்றால் முதல் நாள் ஒரு வாய் போதும், நம் வயிற்றுக்கு அது புதிது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கோடையில் போனால் தயிர், பாலாடை, உலர்ந்த தயிர்க்கட்டியான ஆரூல் கிடைக்கும். அரிசியும் பருப்பும் நீங்களே கொண்டுபோங்கள்.

மர்மோட் இறைச்சி

மர்மோட் என்பது வளை தோண்டி வாழும், அணில் இனத்துப் பெரிய விலங்கு. அதன் இறைச்சியைத் தொடவே தொடாதீர்கள். பிளேக் அந்த விலங்கிலிருந்து பரவுகிறது.

காப்பீட்டைப் படிக்காமல் வாங்குவது

மேலே சொன்ன விபத்தில் மருத்துவச் செலவைவிட அதிகம் அடித்தது, காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. பல பயணக் காப்பீடுகளில் குதிரைச் சவாரி சாகச விளையாட்டுகளின் விலக்குப் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்ப்பார்கள், ஆனால் தலைக்கவசம் இல்லாமல் விழுந்தால் பணம் வராது. இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: பல நாள் குதிரைப் பயணம் இந்தப் பாலிசியில் அடங்குமா? சாலையில்லாத இடத்திலிருந்து தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் செலவை நீங்கள் ஏற்பீர்களா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.